மலைச்சரிவில் ஓடும் ரோபோவுக்கு மோட்டார் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் இருக்கும் என் பட்டறைக்கு லீவு நாட்களில் பொறியியல் மாணவர்கள் வருவார்கள். உள்ளே வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த மோட்டார் வாங்கலாம்?" நான் பதில் சொல்வதில்லை. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பாதை, எடை, சக்கரம், வேகம் இந்த நாலும் தெரிந்துவிட்டால் கணக்கே உங்களைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துதான் பலர் பணத்தை விடுகிறார்கள். முதலில் மோட்டார் வாங்கி, அதற்குப் பொருந்துகிற சக்கரத்தைத் தேடி, கடைசியில் ஒரு மேட்டைப் பார்த்ததும் வண்டி நின்றுவிடும்.

விளக்கம் எளிதாக இருக்க ஒரே ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன். நான்கு சக்கரம், நான்கிலும் மோட்டார். வண்டி 12 கிலோ, அது சுமக்கும் கொழுந்து 8 கிலோ. டீ தோட்டத்தின் உள்பாதையிலிருந்து எடை போடும் இடம் வரை ஏற வேண்டும். உங்கள் வண்டி வேறு மாதிரி இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு, ஒரு மீட்டர் நீள ரீப்பர் கட்டை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், டேப், மல்டிமீட்டர், கொஞ்சம் கயிறு. ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் நேர்மின்சாரத்தை, அதாவது டிசி கரண்டை, அளக்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். பல மலிவான கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டுமே காட்டும்.

1. பாதையில் மிக மோசமான பத்தடியை அளங்கள்

சராசரிச் சரிவு எதற்கும் உதவாது. 200 மீட்டர் பாதையில் 197 மீட்டர் சுகமாக இருந்து, பத்தடி மட்டும் செங்குத்தாக இருந்தால், வண்டி நிற்கப்போவது அந்தப் பத்தடியில்தான். மோட்டார் கணக்கு முழுவதும் அந்த இடத்துக்குத்தான்.

அளப்பது சுலபம். ரீப்பரின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் வையுங்கள். மறுமுனையைத் தூக்கி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் வரும்வரை பிடியுங்கள். தூக்கிய முனைக்குக் கீழே தரைவரை எத்தனை செ.மீ. என்று டேப்பில் பாருங்கள். 100 செ.மீ.க்கு 9 என்றால் சுமார் 5 டிகிரி, 18 என்றால் 10 டிகிரி, 27 என்றால் 15 டிகிரி, 36 என்றால் 20 டிகிரி. போனில் இருக்கும் சாய்வுமானி ஆப்பும் சரிதான், ஆனால் அதை நேராகத் தரையில் வைக்காமல் ரீப்பர் மேல் வையுங்கள். தரையில் வைத்தால் ஒரு கூழாங்கல்லின் சாய்வைத்தான் அது காட்டும்.

நம் பாதையில் மோசமான இடம் 27 செ.மீ., அதாவது 15 டிகிரி.

அளக்கும்போதே தரை எப்படி இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்: சிமென்ட், ஜல்லி, செம்மண், புல், பாசி. ஒரு தடவை நான் ரீப்பரோடு உட்கார்ந்திருந்தபோது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சொன்னார்: "தம்பி, மழை பெஞ்சா நாங்களே இந்தப் பக்கம் வர மாட்டோம், சுத்திக்கிட்டு அந்தப் பக்கமாத்தான் போவோம்." அந்த ஒரு வாக்கியம் எனக்கு இரண்டு நாள் வேலையை மிச்சம் பிடித்தது. பாதையை மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கள். அதைவிட மலிவான மோட்டார் கிடையாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பலமாக இருக்கும். வெயில் காலத்தில் அளந்துவிட்டு மழைக்காலத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

2. மொத்த எடையை முடிவு செய்யுங்கள்

சுமை, சட்டம், பேட்டரி, மோட்டார், சக்கரம் எல்லாம் சேர்த்து. புதியவர்கள் பேட்டரியையும் மோட்டாரையும் மறந்துவிடுவார்கள். நாம் பார்க்கும் அளவு வண்டியில் நான்கு மோட்டாரும் பேட்டரியும் மட்டுமே சட்டத்தின் எடைக்குச் சமமாக வந்துவிடும். மழையில் பறித்த கொழுந்தின் மேல் ஒட்டிய தண்ணீரும் எடைதான். நம் கணக்குக்கு 20 கிலோ.

இந்த இடத்தில் பேராசை வேண்டாம். "25 கிலோவும் தூக்கினால் நல்லா இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டே போனால் மோட்டார் பெரிதாகும், பேட்டரி பெரிதாகும், எடை மறுபடி கூடும்.

3. சக்கரத்தை இப்போதே வாங்கிவிடுங்கள்

மோட்டாருக்கு முன்னால் சக்கரம். காரணம், சக்கரத்தின் ஆரம்தான் டார்க்கையும், அதாவது முறுக்கு விசையையும், வேகத்தையும் ஒரே நேரத்தில் தீர்மானிக்கிறது. ஆரம் இரண்டு மடங்கானால் வேண்டிய டார்க்கும் இரண்டு மடங்கு. அதனால் சின்னச் சக்கரம் நல்லது என்று தோன்றும். ஆனால் மலைப்பாதையில் கல் இருக்கிறது.

5 கிலோ தாங்கி நிற்கும் ஒரு சக்கரம் 2 செ.மீ. உயரக் கல்லைத் தாண்ட வேண்டும் என்று வையுங்கள். சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ. என்றால் அச்சைச் சுமார் 3.75 கிலோ விசையில் தள்ள வேண்டும். ஆரம் 5 செ.மீ. என்றால் 6.7 கிலோ, அதாவது அது தாங்கும் எடையைவிட அதிகம். சின்னச் சக்கரம் கல்லை ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

பாதையில் இருக்கும் கற்களின் உயரத்தைப்போல நாலைந்து மடங்காவது ஆரம் இருக்கட்டும் என்பது என் கணக்கு. நமக்கு 20 செ.மீ. விட்டம், 10 செ.மீ. ஆரம். ரப்பர் டயர், ஆழமான பட்டன். வழுவழுப்பான பிளாஸ்டிக் சக்கரம் கல்லூரி வராந்தாவுக்குத்தான்.

4. வேகம்: நடப்பதைவிட மெதுவாக

ஒரு நொடிக்கு அரை மீட்டர் போதும். சுமை எடுத்துக்கொண்டு ஏறும் மனிதரின் வேகம் கிட்டத்தட்ட அதுதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் மோட்டாரின் வாட்டும் இரட்டிப்பாகும், அதற்கேற்ப விலையும்.

சக்கரத்தின் சுற்றளவு 20 × 3.14 = 63 செ.மீ. நொடிக்கு 50 செ.மீ. போக வேண்டுமென்றால் நொடிக்கு 0.8 சுற்று, நிமிடத்துக்கு 48 சுற்று. இது சுமையோடு ஏறும்போது வேண்டிய ஆர்பிஎம். கடையில் எழுதியிருக்கும் ஆர்பிஎம் வேறு, அதற்கு 8ஆம் படியில் வருகிறேன்.

5. இழுவையைத் தராசில் கட்டிப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

ஒரு பலகையில் நான்கு சக்கரத்தையும் சும்மா சுழலும்படி மாட்டுங்கள். கல்லோ மணல் பையோ வைத்து மொத்தம் 20 கிலோ ஆக்குங்கள். மோட்டார் கிடையாது. தொங்கு தராசைக் கயிற்றில் கட்டி, முதலில் மட்டமான மண்தரையில் ஒரே சீராக இழுங்கள். கயிறு தரைக்கு இணையாக இருக்கட்டும். மேல்நோக்கி இழுத்தால் எடையில் ஒரு பகுதியை நீங்களே தூக்கிவிடுவீர்கள், தராசு ஏமாற்றும். கிடைக்கும் எண்தான் உருளும் தடை. செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில் 20 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ போல வரும். அப்புறம் அந்த மோசமான பத்தடியில் இழுங்கள்.

தராசு கைவசம் இல்லாவிட்டால் கணக்கு இதோ. 15 டிகிரி ஏற்றத்துக்கு எடையில் 0.26 பங்கு: 20 × 0.26 = 5.2 கிலோ. உருளும் தடை 1.5 கிலோ. நின்ற இடத்திலிருந்து கிளம்ப இன்னொரு 0.6 கிலோ. மொத்தம் 7.3 கிலோ. 5 டிகிரிக்கு 0.09 பங்கு, 10 டிகிரிக்கு 0.17, 20 டிகிரிக்கு 0.34, 30 டிகிரிக்குச் சரியாகப் பாதி.

தராசும் கணக்கும் ஒத்துவராவிட்டால் தராசை நம்புங்கள். சக்கரத்தில் சேறு அப்பிக்கொள்வதும் புல் சுற்றிக்கொள்வதும் கணக்குக்குத் தெரியாது. கல் தட்டும்போது தராசு ஒரு கணம் ஒன்பது, பத்து என்று துள்ளும். அதையும் எழுதிவையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

6. ஒரு சக்கரத்துக்கு எவ்வளவு டார்க்

இழுவையைச் சக்கர ஆரத்தால் பெருக்கினால் டார்க். 7.3 கிலோ × 10 செ.மீ. = 73 கிலோ-செ.மீ. கடைகளில் டார்க்கைப் பெரும்பாலும் கிலோ-செ.மீ. என்றுதான் போடுகிறார்கள். நியூட்டன்-மீட்டரில் இருந்தால் பத்தால் பெருக்குங்கள், போதும்.

இங்கேதான் அடுத்த தடுமாற்றம். 73ஐ நாலால் வகுத்து "ஒரு மோட்டாருக்கு 18" என்று எழுதிவிடுவார்கள். மட்டமான தரையில் அது சரி. மேடு ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். முன்சக்கரங்கள் லேசாகிவிடும், பின்சக்கரங்கள்தான் தள்ளும். 65 சதவீதம் பின்னால் விழுவதாக வைத்துக்கொண்டால், பின்சக்கரம் ஒன்றுக்கு 73 × 0.65 ÷ 2 = சுமார் 24 கிலோ-செ.மீ. நான்கு மோட்டாரையும் அந்த அளவுக்கே வாங்குங்கள். முன்னால் சின்னது, பின்னால் பெரிது என்று வாங்கினால் ஆர்பிஎம் ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இருக்கும்.

7. சக்கரம் பிடிக்குமா?

எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் சக்கரம் தரையைப் பிடித்தால்தான் வண்டி ஏறும். மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் ஓடுகிறது. அங்கே ஏற்றம் அதிகபட்சம் 12க்கு 1. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அந்த ஏற்றத்துக்குப் பிடிக்காது என்பதால்தான் பல்சக்கரம் வைத்து ஏறுகிறார்கள். நம் தோட்டத்துப் பாதை 100க்கு 27, அதைவிட மூன்று மடங்குக்கும் மேல். நமக்குக் கைகொடுப்பது ரப்பர் மட்டும்தான்.

சோதனை இதுதான். அதே பலகை வண்டியில் நான்கு சக்கரத்தையும் கயிற்றால் கட்டிச் சுழலாமல் செய்யுங்கள். மோசமான பத்தடியில், தரை நனைந்திருக்கும்போது வையுங்கள். தானாகச் சறுக்கினால் எந்த மோட்டாரும் உங்களைக் காப்பாற்றாது. டயரை மாற்றுங்கள், இல்லையென்றால் பாதையை மாற்றுங்கள். சறுக்காமல் நின்றால், மேல்நோக்கித் தராசில் இழுத்து எத்தனை கிலோவில் நகர்கிறது என்று பாருங்கள். சரிவின் 5.2 கிலோவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் டயரின் பிடி. அது நமக்கு வேண்டிய 7.3 கிலோவைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பயன் உண்டு. காய்ந்த சிமென்டில் பின்சக்கரம் ஒன்று 6.5 கிலோ தாங்கி, பிடிமானம் அந்த எடையில் 0.7 பங்கு என்றால், 6.5 × 0.7 × 10 = 45 கிலோ-செ.மீ. வந்ததும் சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்துவிடும். மோட்டாரின் ஸ்டால் டார்க், அதாவது சுழல முடியாமல் நின்றுபோகும் டார்க், 45க்கு மேலே நன்றாக இருந்தால் மோட்டார் நிற்பதற்கு முன் டயர் வழுக்கும். டயர் தேய்ந்தால் நூறு இருநூறு ரூபாய், மோட்டார் கருகினால் ஆயிரங்கள். எது முதலில் தோற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

8. விவரப் பட்டியலைச் சந்தேகத்தோடு படியுங்கள்

இரண்டு வருடம் முன்பு மூன்று மாணவர்கள் ஒரு வண்டி கொண்டுவந்தார்கள். மோட்டார் பெட்டியில் "35 கிலோ-செ.மீ." என்று இருந்தது. கோவையில் கல்லூரித் தரையில் அருமையாக ஓடியதாம். இங்கே பாதி மேட்டில் நின்றது. ஒருவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார், இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினார். அரை நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. கையில் எடுத்துப் பார்த்தால் மோட்டார் மேலே ஒட்டியிருந்த லேபிள் சுருண்டுபோயிருந்தது.

பெட்டியில் இருந்த 35 பொய்யில்லை. அது ஸ்டால் டார்க். அந்த டார்க் கிடைக்கும்போது மோட்டார் சுற்றுவதே இல்லை. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் சூடாக மாறுகிறது.

டிசி மோட்டாரின் குணம் ஒரு நேர்கோடு. சுமையே இல்லாதபோது முழு ஆர்பிஎம். ஸ்டால் டார்க்கில் ஆர்பிஎம் பூஜ்யம். ஸ்டாலில் கால் பங்கு சுமை ஏற்றினால் முக்கால் பங்கு ஆர்பிஎம் கிடைக்கும், பாதி ஏற்றினால் பாதி. தொடர்ந்து ஓட்ட கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். பாதிச் சுமையில்தான் அதிக வாட் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் அங்கே உள்ளே போவதில் பாதிக்கு மேல் சூடாகிறது. சில நொடிகளுக்குச் சரி, ஒரு மேடு முழுக்கத் தாங்காது.

நம் கணக்குக்கு வருவோம். தொடர்ந்து வேண்டியது 24, அதன் நாலு மடங்கு 96, ஆக ஸ்டால் சுமார் 100 கிலோ-செ.மீ. ஓடும்போது 48 ஆர்பிஎம் வேண்டும், அது முக்கால் பங்கு, ஆக சுமையில்லாத ஆர்பிஎம் 64. கடையில் கேட்க வேண்டியது இப்போது ஒரே வரியில் வந்துவிட்டது: சுமையில்லாமல் 60 முதல் 70 ஆர்பிஎம், ஸ்டால் 100 கிலோ-செ.மீ. அல்லது மேலே, தொடர் டார்க் குறைந்தது 25. கல் தட்டும்போது தராசு பத்துக்குத் துள்ளியதே, அதற்கும் இதில் இடம் இருக்கிறது.

பட்டியலில் ஒரே ஒரு டார்க் எண் இருந்து, என்னவென்று சொல்லாவிட்டால் அது ஸ்டால் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொய் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி: கிலோ-செ.மீ.யை ஆர்பிஎம்மால் பெருக்கி, சுமார் நூறால் வகுத்தால் வாட் (துல்லியமாக வேண்டுமென்றால் 97.4). "12 வோல்ட், 1.5 ஆம்பியர், 300 ஆர்பிஎம், 35 கிலோ-செ.மீ." என்று ஒரு விளம்பரம் இருந்தால், 35 × 300 ÷ 97.4 = 108 வாட். உள்ளே போவது 12 × 1.5 = 18 வாட்தான். 18 போட்டு 108 எடுக்கும் மோட்டாரை இன்னும் யாரும் செய்யவில்லை. அந்த 300 ஆர்பிஎம்மும் 35 கிலோ-செ.மீ.யும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, கியர் பாக்ஸ் தாங்கும் டார்க் தனி. மோட்டார் நூறு கொடுத்தாலும் பல் நாற்பதில் உடையலாம். பட்டியலில் "அனுமதிக்கப்பட்ட டார்க்" என்று இருந்தால் அதையும் பாருங்கள்.

9. எந்த வகை?

மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டார்: மேசைக்கு மட்டும். ஜான்சன் மோட்டார் என்று விற்கும் உலோகக் கியர் வகை: நாலைந்து கிலோ வண்டி, லேசான சரிவு. ஸ்டெப்பர், சர்வோ இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். பழைய ஹோவர்போர்டில் இருந்து எடுத்த ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார், பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் கியர் இல்லாததால் மெதுவாக மேடேறும்போது நிறைய கரண்ட் இழுத்துச் சூடாகும்.

நம் வண்டிக்கு மிஞ்சுவது இரண்டு. ஒன்று பிளானட்டரி கியர் மோட்டார், நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் வகை. விலை கூடுதல், ஆனால் திறன் நல்லது, பல் உறுதியானது. மற்றது வைப்பர் மோட்டார். கார், லாரி உதிரிபாகக் கடைகளில் பழசு மலிவாகக் கிடைக்கும். உள்ளே வார்ம் கியர், அதாவது திருகுபோன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு, இருப்பதால் மின்சாரம் நின்றாலும் சக்கரம் சட்டென்று பின்னால் உருளாது. மலையில் அது பெரிய வரம்.

வைப்பர் மோட்டார் எடுத்தால் மூன்று விஷயம். ஒன்று, பலவற்றில் மோட்டாரின் உடம்பே நெகட்டிவ். முன்னும் பின்னும் ஓட்ட துருவத்தை மாற்றும்போது இரும்புச் சட்டம் வழியாக ஷார்ட் ஆகும், ரப்பரோ மரமோ வைத்துப் பிரித்து மாட்டுங்கள். இரண்டு, ஒரு திசையில் ஒரு வேகம், எதிர்த் திசையில் இன்னொரு வேகம் வரலாம். இடது பக்கமும் வலது பக்கமும் எதிரெதிராக மாட்டப்படுவதால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மூன்று, வார்ம் கியரில் உராய்வு அதிகம், பேட்டரி சீக்கிரம் தீரும்.

எதை வாங்கினாலும் சக்கரத்தை மோட்டார் ஷாஃப்டில் நேராக மாட்டி எடையை அதன் மேல் ஏற்றாதீர்கள். ஷாஃப்ட் வளையும், கியர் பாக்ஸ் புஷ் தேயும். தனி அச்சு, இரண்டு பேரிங், நடுவில் கப்ளிங். கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்டை அரம் வைத்துத் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், சக்கரம் நிற்கும்.

10. ஏறுவதற்கு மட்டும் கணக்குப் போட்டால் பாதி வேலைதான்

மலையில் வண்டி ஓட்டுபவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: ஏறின கியரிலேயே இறங்கணும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்கிப் பார்க்க யாருக்கும் தைரியம் வராது. ரோபோவுக்கும் அதே விதிதான்.

இறங்கும்போது 5.2 கிலோ விசை கீழே இழுக்கிறது, உருளும் தடை 1.5 கிலோ பிடிக்கிறது. மீதி 3.7 கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மோட்டார் இப்போது ஜெனரேட்டர். வேகத்தைப் பிடித்துவைக்க அதன் இரண்டு முனையையும் இணைத்துவிடும் பிரேக் வசதி டிரைவர் போர்டில், அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் போர்டில், இருக்க வேண்டும். அந்த பிரேக் வேகத்தைக் குறைக்கும், ஆனால் நின்ற வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும்.

எனக்கு இது வலியோடு தெரியும். என் முதல் வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது நாலு வரிசை தள்ளிச் செடிகளுக்கு நடுவே தலைகீழாகக் கிடந்தது, சக்கரம் வானத்தைப் பார்த்தபடி. ஸ்விட்சை நான்தான் அணைத்திருந்தேன். பவர் போனதும் பிரேக்கும் போய்விட்டது.

அதனால் வார்ம் கியர், அல்லது மின்சாரம் நின்றதும் தானாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் உள்ள மோட்டார், இரண்டில் ஒன்று அவசியம். வார்ம் கியர் இருந்தாலும் நிறுத்தும்போது லாரிக்காரர்கள் மாதிரி சக்கரத்துக்குக் கல் அண்டைகொடுங்கள், அதிர்வில் வார்ம் கியரும் நழுவும். என்கோடர், அதாவது சுற்றுகளை எண்ணிச் சொல்லும் சென்சார், உள்ள மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம் செலவு செய்யலாம் என்று நான் சொல்வதும் இறக்கத்துக்காகத்தான். வேகம் என்னவென்று தெரியாமல் அதைக் கட்டுப்படுத்த முடியாது.

11. கரண்ட், டிரைவர், பேட்டரி

ஓடும்போது: 73 × 48 ÷ 97.4 = 36 வாட் சக்கரத்தில். மோட்டாரும் கியரும் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும் என்று வையுங்கள், பேட்டரியிலிருந்து 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர், 24 வோல்ட்டில் 3. வார்ம் கியர் என்றால் இன்னும் கூடும்.

ஸ்டாலில்: மல்டிமீட்டரில் மோட்டாரின் ஓம் பாருங்கள். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வரும் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். 12 வோல்ட், 1.5 ஓம் என்றால் 8 ஆம்பியர். டிரைவரை இந்த எண்ணுக்கு வாங்க வேண்டும், ஓடும் கரண்டுக்கு வாங்கக் கூடாது. வண்டி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் இந்தக் கரண்ட்தான் போகிறது.

எல்298என் போர்டு இங்கே ஆகாது. ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர்தான், அதோடு 12 வோல்ட்டில் 2 வோல்ட்டுக்கு மேல் தானே விழுங்கிவிடும். பிடிஎஸ்7960 போர்டு போடலாம். அதன் மேல் 43 ஆம்பியர் என்று எழுதியிருப்பது சிப்பின் எல்லை, அந்தச் சின்ன ஹீட் சிங்கில் நான் 15க்கு மேல் எண்ணுவதில்லை. மோட்டாருக்கு ஒன்று போட்டால் நிம்மதி.

12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 6 ஆம்பியரில் இழுத்தால் அதைவிட வெகுவாகக் குறையும், குளிரில் இன்னும் குறையும். லித்தியம் பேட்டரியை உறைபனி விழும் காலையில் வெளியே வைத்து சார்ஜ் போடாதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெடும். பேட்டரி முனையிலேயே ஃப்யூஸ்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார்களின் வழக்கமான மதிப்பீடு 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்று மெலிவதால் சூடு மெதுவாகத்தான் தணியும். ஆனால் இங்கே குளிரும் இருப்பதால் நம் அளவு மோட்டாருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பனிமூட்டத்துக்குப் பயந்து மோட்டாரைக் காற்றுப்புகாத பெட்டியில் அடைத்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

12. முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள்

நாலையும் சேர்த்து ஆர்டர் போடாதீர்கள். ஒன்றை வரவழைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் இறுக்கமாகப் பொருத்துங்கள். 10 செ.மீ. ஆரமுள்ள அதே சக்கரத்தின் விளிம்பில் கயிற்றைக் கட்டி, கீழே 2.4 கிலோ மணல் பை தொங்கவிடுங்கள். 2.4 × 10 = 24 கிலோ-செ.மீ. உங்கள் மேடு இப்போது மாடியில் இருக்கிறது.

மூன்று மீட்டர் தூக்க ஆறு நொடி ஆக வேண்டும். ஆம்பியர் பாருங்கள். இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். மோட்டார் மேல் ஐந்து நொடி கை வைக்க முடியவில்லை என்றால் சுமார் 60 டிகிரி தாண்டிவிட்டது, இந்த மோட்டார் உங்களுக்குச் சிறியது. பாதியில் பவரை அணைத்துப் பாருங்கள்: பை அங்கேயே நிற்கிறதா, சரசரவென்று இறங்குகிறதா? 10ஆம் படியில் வந்த கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

தேறியதும் மீதி மூன்றையும் கூடவே ஒரு உபரியையும் ஒரே கடையில் வாங்குங்கள். அதே மாடல் ஆறு மாதம் கழித்து வேறு கியர் விகிதத்தில் வந்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

13. பாதையில் இறக்கியபின் வரும் தொல்லைகள்

நேராகப் போகிறது, திரும்பும்போது திணறுகிறது: நான்கு சக்கர வண்டி திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே நகர வேண்டும். அச்சுகளுக்கு இடையே நீளம் அதிகமானால் இந்தத் தேய்ப்பும் அதிகம். வண்டியின் அகலத்தை நீளத்தைவிடக் கூட்டுங்கள், சரிவில் நின்ற இடத்திலேயே திருப்பாமல் அகன்ற வளைவாக எடுங்கள்.

ஒரு மோட்டார் மட்டும் சூடாகிறது: அந்தப் பக்கத்து அச்சும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கப்ளிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கிளம்பும்போது கன்ட்ரோல் போர்டு அணைந்து எரிகிறது: ஸ்டால் கரண்டில் பேட்டரி வோல்ட்டேஜ் சரிகிறது. கன்ட்ரோல் போர்டுக்குத் தனி பேட்டரி கொடுங்கள், வேகத்தை ஒரு நொடி எடுத்து மெதுவாக ஏற்றும்படி நிரலை மாற்றுங்கள்.

காலையில் ஏறாத மேட்டை மதியம் ஏறுகிறது: இந்தப் புகாரோடு வருபவர்கள் கையில் ஏற்கெனவே ஸ்க்ரூடிரைவர் இருக்கும். மோட்டாரைக் கழற்ற வேண்டாம். மேட்டில் நிற்கும்போது சக்கரம் சுற்றுகிறதா என்று குனிந்து பாருங்கள். சுற்றினால் புல்லில் பனி ஈரம், ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுங்கள். சுற்றாவிட்டால் ஏறும்போதே பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். 12 வோல்ட் லெட் ஆசிட்டில் 10.5க்குக் கீழே விழுந்தால் குளிர்ந்த பேட்டரிதான் காரணம், ராத்திரி வண்டிக் கொட்டகையில் விடாமல் பேட்டரியை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வோல்ட்டும் சரியாக இருந்தால் கியர் பாக்ஸ் கிரீஸ் குளிரில் இறுகியிருக்கும், சக்கரத்தைத் தூக்கிவைத்து இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.